மூன்று கணக்குப்பிள்ளைகள்

'சர்வர் டவுன் சார், மத்தியானத்துக்கு மேல வாங்க.'

மும்பையில் குடியிருக்கும் எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு வருஷத்தை ஓட்டியிருக்க முடியாது. வங்கியில், டிக்கெட் கவுண்ட்டரில், தபாலாபீசில், மின்சாரக் கட்டணம் கட்டும் இடத்தில் எங்கும் இதே பதில்தான். கவுண்ட்டரில் இருப்பவர்மீது கோபித்துப் பயனில்லை. எங்கோ ஓர் அறையில் ஒரு யந்திரம் நின்றிருக்கிறது. அதை நம்பியிருக்கும் அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

ஒரே ஒரு யந்திரத்தை நம்பாமல் இருக்க வழியில்லையா? இருக்கிறது. பெரிய வங்கிகள் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்துகொள்ளும் அந்த ஏற்பாட்டை, மென்பொருளுக்கு ஒரு காசும் கொடுக்காமல் ஒரு சிறிய நிறுவனமும் செய்துகொள்ள முடியும். நான் ஓய்வு நேரத்தில் உதவி செய்துவரும் ஓர் இலவச மருத்துவ நிலையத்துக்காக இதை அமைத்தோம். சங்கங்கள், பள்ளிகள், கூட்டுறவு வீட்டுவசதி சொசைட்டிகள் நடத்தும் நம் அன்பர்கள் பலருக்கும் பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

அட்டவணைகளின் கதை

நம் வீட்டு மளிகைக் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தேதி, சாமான், அளவு, விலை என்று கோடு போட்ட பத்திகள். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரி. எல்லாத் தகவல்களையும் இப்படிப்பட்ட எளிய அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஓர் அட்டவணையை மற்றொன்றோடு பொருத்திப் பார்க்கலாம் என்று 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார் எட்கர் காட் என்ற கணித அறிஞர். கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தவர். அதற்கு 'ரிலேஷனல்' முறை என்று பெயர். இன்று வங்கிக் கணக்கிலிருந்து ரயில் டிக்கெட் வரை பெரும்பாலும் இந்த முறையில்தான் நடக்கிறது.

1995-ல் ஸ்வீடனில் மைக்கேல் விடேனியஸும் நண்பர்களும் 'மைஎஸ்க்யூஎல்' என்ற டேட்டாபேஸை உருவாக்கினார்கள். 2000-ல் அதைத் திறந்த மூலமாக, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்து, படித்து, திருத்தி, பிறருக்கும் கொடுக்கலாம் என்ற ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டார்கள். அந்தக் கம்பெனியை 2008-ல் சன் நிறுவனம் வாங்கியது. 2010-ல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியது. கை மாறிக்கொண்டே போவதைக் கண்ட விடேனியஸ், 2009-லேயே அதே மூலத்திலிருந்து தனியாக ஒரு கிளையைப் பிரித்தார். தன் இளைய மகளின் பெயரை வைத்து அதற்கு 'மரியாடிபி' என்று பெயரிட்டார். இப்படிச் செய்ய முடிந்ததே திறந்த மூலத்தின் பலம். கடைக்காரர் மாறினாலும் சமையல் குறிப்பு நம் கையில் இருக்கிறது.

எதற்காக இத்தனை பாடு?

எங்கள் நிலையம் சயானில் இருக்கிறது. செம்பூரில் ஒரு கிளை. இரண்டிலும் சேர்த்து வருகிறவர்கள் பெரும்பாலும் கூலி வேலை செய்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். அவர்கள் கையில் சீட்டு தங்காது. மழையில் நனைந்துவிடும், குழந்தை கிழித்துவிடும். ஆகவே நோயாளியின் முழு விவரமும் கம்ப்யூட்டரில்தான்.

2022 ஜூலையில் ஒரு மழை நாளில் சயானில் இருந்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் நின்றுபோனது. ஆறு வருஷம் உழைத்த டிஸ்க், ஆயுள் முடிந்தது. புதிய டிஸ்க் வாங்கி, முந்தைய இரவின் பிரதியை ஏற்றிச் சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் செம்பூர் கிளைக்குக் காய்ச்சலோடும் தொண்டைப் புண்ணோடும் ஓர் அம்மாள் வந்தார். 'ஏதோ ஒரு மருந்து எனக்கு ஒத்துக்காதுன்னு பெரிய டாக்டர் எழுதி வெச்சிருக்காரு, பேரு தெரியலீங்க' என்றார். பெனிசிலின் வகை மருந்து சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியும். பதிவைப் பார்க்க வழியில்லை. கிளையில் இருந்த டாக்டர் அனுபவசாலி. அந்த வகையையே தொடாமல் வேறு மருந்து கொடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் பதிவைத் திறந்து பார்த்தபோது, பெனிசிலின்தான் என்று அதில் எழுதியிருந்தது.

அன்றைக்கே டிரஸ்டிகள் கேட்ட கேள்வி: 'இது மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்?'

ஒரே பேரேடு, மூன்று பிரதிகள்

ஒரு பெரிய ஜவுளிக் கடைக்கு மூன்று கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு கணக்குப்பிள்ளை, ஆளுக்கொரு பேரேடு. நிபந்தனை ஒன்றுதான். மூன்று பேரேடுகளிலும் எப்போதும் ஒரே கணக்கு இருக்க வேண்டும். ஒருவர் ஒரு வரி எழுதுமுன் மற்ற இருவருக்கும் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். அப்போது எந்தக் கடை தீப்பிடித்தாலும் மற்ற இரண்டில் கணக்கு பத்திரம்.

இந்த வேலையைச் செய்வதுதான் 'கலெரா' என்ற மென்பொருள். பின்லாந்தில் 2007-ல் தொடங்கிய கோடர்ஷிப் என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது. 2015-ல் வெளிவந்த மரியாடிபி 10.1 பதிப்பிலிருந்து அதனுடன் சேர்த்தே தரப்பட்டது. இப்படி ஒன்றாக இயங்கும் யந்திரக் கூட்டத்துக்கு 'கிளஸ்டர்' என்று பெயர்.

மூன்றில் எந்த யந்திரத்திலும் எழுதலாம், எதிலும் படிக்கலாம். தலைவன், தொண்டன் என்ற பேதம் இல்லை. ஒருவர் எழுதி முடித்து 'கமிட்' என்று முத்திரை குத்தும் தருணத்தில், மாறிய வரிகள் ஒரு பொட்டலமாகக் கட்டப்பட்டு மற்ற இரண்டுக்கும் போகின்றன. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அந்த வரிசை மூன்று இடத்திலும் ஒன்றே. தனக்கு முன்னால் வந்த பொட்டலம் எதுவும் இதே வரியைத் தொட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு யந்திரமும் தானே சோதிக்கும். தொடவில்லை என்றால் ஏற்கும், தொட்டிருந்தால் தள்ளும். வரிசையும் ஒன்று, சோதனையும் ஒன்று என்பதால் முடிவும் ஒன்றாகவே இருக்கும். அதற்காகத் தனியாக ஓட்டெடுப்பு எதுவும் வேண்டாம். இந்த யோசனையின் அழகே அங்குதான் இருக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. முத்திரை குத்த, தூரத்திலுள்ள யந்திரத்துக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரம் பிடிக்கும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். மும்பைக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் என்று கொண்டால், போய்வரவே குறைந்தது 10 மில்லி விநாடி ஆகும். மும்பைக்குள்ளேயே என்றால் அதில் சிறு பங்குதான். ஆகவே யந்திரங்களை ஊருக்குள்ளேயே, ஆனால் வெவ்வேறு கட்டடங்களில் வைத்தோம். சயான் ஒன்று, செம்பூர் ஒன்று, முலுண்டில் ஒரு டிரஸ்டியின் ஆபீசில் ஒன்று. மூன்றும் மாடியில்தான். 2005 ஜூலை 26-ஐ அனுபவித்த எவரும் தரைத்தளத்தில் யந்திரம் வைக்கமாட்டார்கள். அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர்.

ஏன் மூன்று? இரண்டு போதாதா?

சிக்கனக்காரரான எங்கள் பொருளாளர் கேட்ட முதல் கேள்வி இது. போதாது.

இரண்டே யந்திரங்கள் இருந்து, நடுவில் கம்பி அறுந்துபோனால், ஒவ்வொன்றும் 'நான் இருக்கிறேன், மற்றவன் செத்துவிட்டான்' என்றுதான் நினைக்கும். இரண்டும் தனித்தனியாகக் கணக்கு எழுத ஆரம்பித்தால் பின்னால் எது உண்மை என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கலெரா ஒரு பஞ்சாயத்து விதி வைத்திருக்கிறது. பாதிக்கு மேல் உறுப்பினர் எந்தப் பக்கம் இருக்கிறார்களோ அந்தப் பக்கம் மட்டுமே வேலை செய்யலாம். இரண்டில் ஒன்று என்பது சரிபாதி, பாதிக்கு மேல் அல்ல. எனவே ஒன்று திடீரென்று விழுந்தால் மற்றதும் கையைக் கட்டிக்கொள்ளும். மூன்றில் இரண்டு என்றால் பெரும்பான்மை.

மூன்றாவதற்குத் தகவலே இல்லாமல் ஓட்டு மட்டும் போடும் ஒரு சிறு நடுவர் நிரலும் கலெராவில் உண்டு. மிகப் பழைய கம்ப்யூட்டர் கூட அதற்குப் போதும். நாங்கள் மூன்றையும் முழு யந்திரங்களாகவே வைத்தோம். ஒன்று பழுதாகி இன்னொன்று அதற்குப் பிரதி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில், மூன்றாவது ஒன்று நோயாளிகளைக் கவனிக்க வேண்டும் அல்லவா?

அமைத்த விதம்

ஆபீசுகள் கழித்துக் கட்டிய டெஸ்க்டாப்கள் மூன்று வாங்கினோம். 8 ஜிபி நினைவகம், புதிய எஸ்எஸ்டி டிஸ்க், ஆளுக்கொரு யு.பி.எஸ். டெபியன் லினக்ஸை நிறுவி, மரியாடிபியையும் கலெராவையும் ஏற்றினோம். இதுவரை மென்பொருள் செலவு பூஜ்யம்.

அடுத்தது பாதுகாப்பு. ஒரு மனிதரின் வியாதி அவருடைய சொந்த விஷயம். 2023-ல் இந்தியாவில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. கலெரா தன் பொட்டலங்களைத் தானாகப் பூட்டி அனுப்பாது. பூட்டச் சொல்லி நாம்தான் அமைக்க வேண்டும். நாங்கள் மூன்று இடத்து ரவுட்டர்களையும் வயர்கார்ட் என்ற திறந்த மூல மென்பொருளால் இணைத்தோம். இன்டர்நெட்டின் நடுவே நமக்கு மட்டுமான ஒரு சுரங்கப்பாதை அது. 3306, 4444, 4567, 4568 ஆகிய நான்கு வாசல்களை அந்தச் சுரங்கத்துக்குள் மட்டும் திறந்துவிட்டோம். முதலாவது சாதாரண உபயோகத்துக்கு, மற்ற மூன்றும் கலெரா தங்களுக்குள் பேசிக்கொள்ள. யந்திரமே திருட்டுப் போனாலும் படிக்க முடியாதபடி டிஸ்க்குகளுக்கும் பூட்டு.

பிறகு ஒவ்வொரு யந்திரத்திலும் ஓர் அமைப்புக் கோப்பு. அதில் எழுத வேண்டியவை சொற்பம்தான். கிளஸ்டருக்கு ஒரு பெயர், மூன்று யந்திரங்களின் முகவரிகள், இந்த யந்திரத்தின் முகவரி, கலெரா நூலகம் இருக்குமிடம், புதிதாக வருபவருக்கு முழுப் பிரதி எடுத்துக் கொடுக்கும் முறை. அதற்கு 'மரியாபேக்கப்' முறையைத் தேர்ந்தெடுத்தோம். கொடுக்கும் யந்திரம் பெரும்பாலும் வேலையை நிறுத்தாமலே கொடுக்க அது உதவுகிறது. அட்டவணைகள் எல்லாம் 'இன்னோடிபி' வகையில் இருக்க வேண்டும், மாற்றங்கள் வரி வரியாகப் பதிவாக வேண்டும் என்பவை கட்டாய நிபந்தனைகள்.

முதல் யந்திரத்தை மட்டும் 'கலெரா நியூ கிளஸ்டர்' என்ற கட்டளையால் தொடங்க வேண்டும். 'நீதான் முதல் ஆள், யாரையும் தேடாதே' என்று அதற்குப் பொருள். மற்ற இரண்டையும் சாதாரணமாகத் தொடங்கினால் போதும். தாமே முதலாமவரைத் தேடிப் பிடித்து, முழுப் பிரதியை வாங்கிக்கொண்டு வரிசையில் சேர்ந்துவிடும். கிளஸ்டரின் அளவு என்ன என்று கேட்டோம். '3' என்று பதில் வந்தது.

உடனே நோயாளிகளின் பெயரை ஏற்றிவிடவில்லை. ஒரு மாதம் பொய்த் தகவலை வைத்துக்கொண்டு எல்லாவிதமாகவும் தொந்தரவு செய்து பார்த்தோம். கம்பியைப் பிடுங்கினோம். 5 விநாடி பதில் வராவிட்டால் சந்தேகப்படுவது என்பது கலெராவின் வழக்கமான அமைப்பு. சற்று நேரத்தில் மற்ற இரண்டும் அதை விலக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தன. கம்பியைத் திரும்பச் செருகியதும், விட்டுப்போன பொட்டலங்களை மட்டும் வாங்கிக்கொண்டு அது சேர்ந்துகொண்டது. இந்தப் பொட்டலங்களைச் சேர்த்துவைக்கும் இடம் வழக்கமாக 128 எம்பி. அதை 1 ஜிபி ஆக்கிவைத்தோம். ரொம்ப நேரம் காணாமல் போனவருக்கும் முழுப் பிரதி எடுக்க வேண்டிய அவசியம் இதனால் குறைகிறது.

ஐந்தாம் நம்பர் எங்கே?

ஓட ஆரம்பித்த முதல் வாரம், பதிவு செய்யும் பெண் பதறிக்கொண்டு போன் செய்தார். 'அண்ணா, நாலாம் நம்பருக்கு அப்புறம் ஏழாம் நம்பர் வருது. அஞ்சும் ஆறும் எங்க போச்சு?'

எங்கும் போகவில்லை. மூன்று இடத்திலும் ஒரே சமயத்தில் புதுப் பெயர் பதியலாம் என்பதால், எண்கள் மோதாமல் இருக்கக் கலெரா பங்கு பிரித்துக் கொடுக்கிறது. ஒரு யந்திரம் 1, 4, 7 என்றும், அடுத்தது 2, 5, 8 என்றும், மூன்றாவது 3, 6, 9 என்றும் போகும். டோக்கன் எண்ணை இதோடு சம்பந்தப்படுத்தாமல் தனியாக வைத்துக்கொண்டோம். பில் நம்பர் இடைவெளியில்லாமல் வர வேண்டிய இடங்களில் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

மருந்து இருப்பில் இன்னொரு விஷயம். இரண்டு இடத்திலும் ஒரே மருந்தின் இருப்பை ஒரே நொடியில் குறைத்தால், முதலில் வரிசை எண் பெற்றவர் ஜெயிப்பார். மற்றவருக்கு 'டெட்லாக்' என்று பிழை வரும். அது யந்திரக் கோளாறு அல்ல, 'இன்னொரு முறை முயற்சி செய்' என்று அர்த்தம். நமது நிரலே மூன்று முறை தானாக முயலும்படி எழுதிவிட்டோம். ஒவ்வொரு அட்டவணையிலும் ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம், அதாவது 'பிரைமரி கீ' இருந்தாக வேண்டும் என்பதும் விதி. எந்த வரி என்று தெரியாமல் மோதலைக் கண்டுபிடிக்க முடியாதல்லவா?

நோயாளிகளின் பெயர்களைத் தமிழிலும் மராத்தியிலும் பதிகிறோம். எழுத்து வகையாக 'யுடிஎஃப்8எம்பி4' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்துகளின் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும் என்பதால் பழைய 3 பைட் வகையே போதும் என்று தோன்றும். ஆனால் கால், அரைக்கால், மாகாணி போன்ற நம் பழைய பின்னக் குறிகள் 2019-ல் யூனிகோடில் சேர்ந்தபோது 4 பைட் பகுதியில்தான் இடம் கிடைத்தது. முகபாவப் படங்களும் அங்கேதான். பின்னால் மாற்றுவதைவிட முதலிலேயே வைத்துவிடுவது நல்லது.

கம்பி அறுந்தால், கரண்ட் போனால்

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். சயானில் இன்டர்நெட் மட்டும் போய்விட்டது என்று வையுங்கள். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அது மூன்றில் ஒன்று, சிறுபான்மை. எழுதவும் விடாது, படிக்கவும் விடாது. 'கண்ணெதிரே இருக்கிற தகவலைக் கூடக் காட்டமாட்டேன் என்றால் எப்படி?' என்று டாக்டர் கோபித்தார். நியாயமான கோபம். தொடர்பு அறுந்த நிலையில், எப்போதும் பதில் சொல்வது, எப்போதும் சரியான பதிலையே சொல்வது என்ற இரண்டையும் ஒருசேர அடைய முடியாது. 2000-ல் எரிக் புரூவர் இதைச் சொன்னார், 2002-ல் அது நிரூபிக்கப்பட்டது. கலெரா சரியான பதிலின் பக்கம் நிற்கிறது.

நாங்கள் மூன்று ஏற்பாடு செய்தோம். ஒன்று, இரண்டு நிலையங்களிலும் மொபைல் டேட்டா வழியாக இரண்டாவது இணைப்பு. இரண்டு, சிறுபான்மையில் இருக்கும்போதும் படிக்க மட்டும் அனுமதிக்கும் ஓர் அமைப்பு கலெராவில் இருக்கிறது. ஒவ்வாமைப் பக்கத்துக்கு மட்டும் அதைத் திறந்து, 'இது பழைய தகவலாக இருக்கலாம்' என்று சிவப்பில் எழுதிவிட்டோம். மூன்று, தினமும் காலை 8 மணிக்கு ஒவ்வாமை உள்ளவர்களின் பட்டியல் காகிதத்தில் அச்சாகி டாக்டரின் பூட்டிய மேஜை டிராயரில் போய்ச் சேரும். காகிதத்துக்குச் சர்வர் டவுன் கிடையாது.

சாதாரண நேரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. சயானில் எழுதியது செம்பூரில் தெரிய ஒரு சிறு கணம் பிந்தலாம். ஒவ்வாமையைப் படிக்கும்போது மட்டும், 'வந்த பொட்டலம் அனைத்தையும் பேரேட்டில் ஏற்றிவிட்டுப் பதில் சொல்' என்று அமைத்திருக்கிறோம்.

மூன்றும் ஒரே சமயத்தில் நின்றுபோனால், திரும்பத் தொடங்கும்போது அவசரம் கூடாது. ஒவ்வொன்றும் தான் கடைசியாக ஏற்ற வரிசை எண்ணைக் குறித்துவைத்திருக்கும். திடீரென்று விழுந்திருந்தால் அந்த இடத்தில் -1 என்று இருக்கும். அப்போது அதை மீட்டெடுக்கத் தனிக் கட்டளை உண்டு. மூன்றையும் ஒப்பிட்டு, எண் பெரிதாக உள்ளதையே 'முதல் ஆள்' ஆக்க வேண்டும். இரண்டு இடத்தில் இரண்டு பேர் தனித்தனியே 'முதல் ஆள்' ஆக்கிவிட்டால் ஒரு கிளஸ்டர் இரண்டாகிவிடும். ஆகவே யார் செய்ய வேண்டும், யாருக்குப் போன் செய்த பிறகு செய்ய வேண்டும் என்று எழுதி, மூன்று இடத்திலும் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

பிரதி வேறு, காப்பு வேறு

மூன்று பேரேடு இருக்கிறதே, இனி தினசரிக் காப்புப் பிரதி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. யாராவது ஓர் அட்டவணையை அழித்துவிட்டால், அந்தக் கட்டளை அதே விசுவாசத்தோடு மூன்று இடத்திலும் நிறைவேறிவிடும். யந்திரம் விழுவதிலிருந்துதான் கிளஸ்டர் காக்கும். மனிதனின் கைத்தவறுக்கு அதனிடம் மருந்து இல்லை. தினமும் இரவு காப்பு எடுத்து, வாரம் ஒருமுறை வெளியிடத்துக்குக் கொண்டுபோகிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு அன்று அதை வேறொரு யந்திரத்தில் ஏற்றிப் பார்க்கிறோம். ஏற்றிப் பார்க்காத காப்பைக் காப்பு என்று நம்ப முடியாது.

2024-ல் ஒரு சனிக்கிழமை மாலை சயான் யு.பி.எஸ். புகைந்துபோய் யந்திரம் நின்றது. வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள். பதிவு மேஜையில் இருந்தவர் செம்பூர் முகவரியை அழுத்தினார், வேலை தொடர்ந்தது. எனக்குத் தகவல் வந்தது திங்கட்கிழமை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஒரே ஆபீஸ், பத்துப் பேர், ஒரு நாள் நின்றாலும் நஷ்டமில்லை என்ற நிலையில் கிளஸ்டர் வேண்டாம். ஒரு நல்ல யந்திரமும் ஒழுங்கான காப்பும் போதும். இதை அமைப்பது ஒரு மாத வேலை, பராமரிப்பதோ என்றும் உள்ள வேலை. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். யந்திரங்கள் மூன்றாக இருந்தும் தெரிந்த மனிதர் ஒருவர்தான் என்றால், பழையபடி ஒரே ஆளை நம்பியிருக்கிறோம் என்றுதான் அர்த்தம். எங்கள் நிலையத்தில் கல்லூரி மாணவர்கள் இருவருக்கு ஞாயிறுதோறும் கற்றுக்கொடுத்து வருகிறேன். இன்னும் யாருக்காவது ஆர்வமிருந்தால் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, பொறுமை இருந்தால் போதும்.